நன்னீர்த் திருக்கையின் தொட்டி

வடபகுதிக் கடற்கரைகளிலே திருக்கை மீனை அறியாதார் இலர். பட்டம்போல் அகன்ற உடலும், சாட்டைபோல் நீண்ட வாலும், அவ்வாலிலே நஞ்சு பொதிந்த முள்ளும் உடைய மீன் அது. அதன் வாலைக் காயவைத்துச் சவுக்காக்கிய காலமும் ஒன்றிருந்தது. அடுக்களையிற் பழகியோர் வேறொன்றையும் அறிவர். திருக்கையும் சுறாவும் சற்றே பழுதாகிவிடின் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி எழும். ஏனைய மீன்கள் அழுகும்போது எழும் நாற்றமன்று அது, அமோனியாவின் நெடி. கடலில் வாழுந் திருக்கையும் சுறாவும் தம் இரத்தத்திலும் தசையிலும் யூரியா என்னும் பொருளை மிகுதியாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. கடல்நீரின் உப்பானது உடலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடாதபடி காத்துக்கொள்ள இயற்கை வகுத்த உபாயம் அது. மீன் இறந்தபின் பற்றீரியாக்கள் அந்த யூரியாவை அமோனியாவாகச் சிதைத்துவிடுகின்றன. நெடிக்குக் காரணம் இதுவே.

இக்குலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலைத் துறந்து தென் அமெரிக்காவின் ஆறுகளுட் புகுந்தது. அமேசன், ஒறினோக்கோ, பரானா முதலிய பேராறுகளிலும் அவற்றின் கிளைகளிலும் இன்று அதன் இனங்கள் பல வாழ்கின்றன. உப்பற்ற நீரிலே யூரியாவைச் சேர்த்து வைப்பதாற் பயன் யாதுமில்லை. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி தோமஸ் தோசனும் அவருடைய துணைவர்களும் இத்திருக்கைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, அதில் யூரியா மிகச் சொற்பமாகவே இருக்கக் கண்டனர். கடல் திருக்கையிடம் உப்பை வெளியேற்றும் சுரப்பி ஒன்றுண்டு. நன்னீர்த் திருக்கையிடம் அதுவும் சுருங்கித் தொழிலற்றுக் கிடக்கிறது. நீண்ட காலம் வேற்றூரில் வாழ்ந்து தாய்மொழியை மறந்த குடும்பம்போல, இம்மீன் கடலின் பழக்கத்தை முற்றாக மறந்துவிட்டது. உண்ட புரதத்தின் கழிவை இப்போது அது பெரும்பாலும் அமோனியாவாகவே பூக்களின் வழியே நீரில் விட்டுவிடுகிறது.

ஆற்றிலே இதனாற் கேடில்லை. அமேசனின் நீர்ப்பெருக்கின் முன் ஒரு திருக்கையின் கழிவு எம்மட்டு? ஆனால், அதே திருக்கையை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இட்டு வளர்க்க முற்படுவோனுக்கு இதுவே முதற் கேள்வியும் கடைசிக் கேள்வியுமாகிறது. ஆறு செய்த வேலையை யார் செய்வது?

இம்மீன்களை வளர்ப்போர் இன்று உலகின் பல பாகங்களிலும் உளர். கபில நிற உடலிலே செம்மஞ்சட் கண்கள் பதித்தாற்போன்ற புள்ளிகளையுடைய மொத்தோறோ என்னும் இனமே அவர்களிடையே மிகப் பரவியது. கரிய உடலில் வெண்புள்ளிகள் விளங்கும் வேறோர் இனம் பிரேசிலிலுள்ள சிங்கு ஆற்றுக்கே உரியது. 1970ஆம் ஆண்டில் அதனை விவரித்த அறிஞர்கள் பெல்ஜிய மன்னராயிருந்த மூன்றாம் லியோபோல்ட்டின் பெயரை அதற்குச் சூட்டினர். தாய்லாந்திலும் தைவானிலும் இவை தொட்டிகளிலேயே குட்டி ஈன்று பெருகுகின்றன. ஆற்றிலிருந்து பிடிக்கப்படுவனவற்றுக்கோ கட்டுப்பாடு கூடிவருகிறது. சிங்கு ஆற்றின் குறுக்கே பெலோ மொன்றே அணை எழுந்து 2016ஆம் ஆண்டிலே தொழிற்படத் தொடங்கியபின் ஆற்றின் பெருவளைவுப் பகுதியில் நீரோட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு பனாமாவிற் கூடிய சர்வதேச மாநாடு, இக்கரிய திருக்கை உட்பட ஏழு நன்னீர்த் திருக்கை இனங்களை வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்த்தது. ஆகவே, இத்தகைய மீன் ஒன்றைத் தொட்டியில் வைத்திருப்பவன் கடையில் வாங்கிய அலங்காரப் பொருளொன்றை வைத்திருப்பவனல்லன். அது சாகுமாயின் வேறொன்றை வாங்கி வைக்கலாம் என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது.

வளர்ந்த மொத்தோறோவின் உடற்றட்டு அரை மீற்றர் அகலத்தை எட்டும். ஆகையால் தொட்டியின் ஆழத்தைக் காட்டிலும் அதன் தளப்பரப்பே முக்கியம். நீளம் இரண்டரை மீற்றர், அகலம் ஒன்றேகால் மீற்றர், நீராழம் அறுபது, அறுபத்தைந்து சதம மீற்றர் எனக் கொண்டால் 2,000 இலீற்றர் அளவு நீர் கொள்ளும். இரண்டு திருக்கைகளுக்கு இது தாராளமன்று, போதும் என்றளவே. இத்தொட்டியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு மேலே செல்லலாம்.

அமோனியாவை அகற்றும் வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. அது அறியப்பட்ட வரலாறு சுவையானது. 1877ஆம் ஆண்டில் பிரான்சிலே சுலோசிங், முன்ஸ் என்னும் இருவர், நகரக் கழிவுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்த மணலினூடே மெல்ல மெல்லச் சொட்டவிட்டனர். மணலுடன் சிறிது சுண்ணாம்புக்கல்லும் கலந்திருந்தது. ஏறக்குறைய இருபது நாள் வரை ஒரு மாற்றமும் இல்லை. பின்னர்க் கழிவுநீரின் அமோனியா மறையத் தொடங்கியது; வெளிவந்த நீரில் நைத்திரேற்று தோன்றியது. இரசாயனத் தாக்கம் மட்டுமாயின் அது முதல் நாளே அன்றோ நிகழ்ந்திருக்க வேண்டும்? ஐயந்தீர, குளோரபோம் ஆவியை அக்குழாயினுட் செலுத்தினர். உடனே மாற்றம் நின்றது. குளோரபோம் நீங்கியபின், சிறிது தோட்டமண்ணைக் கழுவிய நீரை ஊற்ற, மறுபடியும் நைத்திரேற்று பிறந்தது. உயிருள்ள ஏதோவொன்றே அவ்வேலையைச் செய்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்த இருபது நாட்களையும், அந்தச் சுண்ணாம்புக்கல்லையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நன்று. திருக்கைத் தொட்டியின் இன்ப துன்பங்கள் யாவும் அவ்விரண்டிலேயே அடங்கிக் கிடக்கின்றன.

இங்கிலாந்தில் இதே காலத்தில் இம்மாற்றத்தை ஆராய்ந்தவர் றொபேட் வாறிங்டன். அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரைற்று நைத்திரேற்றாகவும் இரு படிகளில் மாறுகிறது என்பதை வெளிப்படுத்தியோருள் அவர் ஒருவர். அவருடைய தந்தையின் பெயரும் றொபேட் வாறிங்டனே. அத்தந்தையார் 1850ஆம் ஆண்டளவிற் பொன்மீன்களையும் நீர்ச்செடிகளையும் நத்தைகளையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்திற் சேர்த்து வைத்து, நீரை மாற்றாமலே அவற்றை வாழச்செய்து புகழ்பெற்றவர். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் பரவுவதற்குத் தந்தை துணைநின்றார். அத்தொட்டியில் மீன் ஏன் சாகாமல் இருக்கிறது என்பதன் இரகசியத்தைப் பின்னாளில் மகன் மண்ணிலே தேடிக் கண்டார். தந்தையின் தொட்டிக்கு மகனின் கண்டுபிடிப்பு எவ்வளவு நெருக்கமானது என்பதை அன்று எவரேனும் எண்ணியிருப்பரோ என்பது ஐயமே.

1890ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி சூரிச் நகரில் இந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். அவற்றுக்குச் சோறு வேண்டியதில்லை. அமோனியாவை ஒட்சிசனோடு சேர்த்து எரித்து, அதனாற் பெறும் சக்தியைக் கொண்டு நீரிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன. இத்தகைய பிழைப்பிலே ஆதாயம் மிகக் குறைவு. ஆதலால் அவை பெருகுவதும் வெகு மெதுவாகவே. சாதாரணப் பற்றீரியா அரைமணி நேரத்துக்குள் இரட்டிக்க, இவை இரட்டிக்க அரைநாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்.

நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குவது நைத்திரோபற்றர் என்று நூல்களெல்லாம் நெடுங்காலம் எழுதிவந்தன. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி, நன்னீர்த் தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைத்திரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் எனக் காட்டியது. 2015ஆம் ஆண்டில் இன்னும் வியப்பான செய்தி வந்தது. அமோனியாவிலிருந்து நைத்திரேற்று வரையுள்ள இரு படிகளையும் தனியொருவனாய் நின்று முடிக்கும் நைத்திரோஸ்பைராக்களும் உண்டு என இரு வேறு ஆராய்ச்சிக் குழுக்கள் கண்டறிந்தன. அவற்றுள் ஒரு குழு, மீன்பண்ணையொன்றின் வடிகட்டியிலிருந்தே அவற்றைப் பெற்றது. வடிகட்டி அமைப்பவன் இப்பெயர்களையெல்லாம் நெட்டுருச் செய்ய வேண்டியதில்லை. இவ்வுயிர்களுக்கு வேண்டியவை எவை என்பதை அறிந்தாற் போதும். ஒட்டிக்கொள்ள ஓர் இடம், இடையறாத ஒட்சிசன், நீரிலே காரத்தன்மை, பிறகு காலம்.

இடம் எவ்வளவு வேண்டும்? இதனைக் கணக்கிடாமலே பெரும்பாலோர் வடிகட்டி வாங்குகின்றனர். தொட்டியின் நீரை மணிக்கு எத்தனை முறை சுற்றும் என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. பம்பியின் வேகம் அமோனியாவை எரிக்காது. கணக்கு உணவிலிருந்து தொடங்க வேண்டும். இரு திருக்கைகளும் நாளொன்றுக்கு 100 கிராம் மீனும் இறாலும் உண்கின்றன என வைத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய 18 கிராம் புரதம். மீன்பண்ணையாளர் கையாளும் கணிப்பின்படி, உண்ட புரதத்தின் நிறையில் நூற்றில் ஒன்பது பங்கிற்குச் சற்று மேல் அமோனியா-நைதரசனாக நீரிற் சேரும். அஃதாவது நாளொன்றுக்கு 1.6 கிராமிற்குச் சற்று மேல். 2,000 இலீற்றர் நீரிற் பரவினால் இலீற்றருக்கு 0.8 மில்லிகிராம். ஒன்றுஞ் செய்யாது விட்டால் மூன்றாம் நாளே மீன் அவதிப்படத் தொடங்கும்.

ஒரு சதுர மீற்றர் பரப்பிற் படிந்த நுண்ணுயிர்ப்படலம் நாளொன்றுக்கு எவ்வளவு அமோனியாவை எரிக்கும் என்பது நீரிலுள்ள அமோனியாவின் செறிவைப் பொறுத்தது. அமோனியா மிகுந்த பண்ணை நீரில் அது அரைக் கிராமையும் தாண்டலாம். திருக்கைத் தொட்டியிலோ அமோனியா இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். ஆகவே, கையிறுக்கமாக 0.1 கிராம் என்றே கொள்வது பாதுகாப்பு. அப்படியாயின் 17 சதுர மீற்றர் பரப்பு வேண்டும். ஓர் அறையின் தளத்தை ஒத்த பரப்பு அது. இதனைத் தொட்டியின் கீழே எப்படி அடக்குவது?

இதற்கு விடை நோர்வே நாட்டிலிருந்து வந்தது. 1980களின் பிற்பகுதியில் துறொன்யெம் நகரப் பேராசிரியர் ஹல்வார் ஓடகோர் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒரு முறையை உருவாக்கினார். விரல் நுனியளவான பிளாஸ்டிக் உருளைகள், உள்ளே சிலுவைபோன்ற தடுப்புடன் செய்யப்பட்டன. அவற்றை நீரில் இட்டு அடியிலிருந்து காற்றை ஊதினால், கொதிக்கும் உலையில் அரிசி புரள்வதுபோல ஓயாது புரளும். வெளிப்புறத்திற் படியும் படலம் ஒன்றோடொன்று உரசி உதிர்ந்துவிடும். உட்புறத்திலோ அது பத்திரமாக வளரும். கே-1 எனப்படும் இவ்வுருளைகள் ஒரு கன மீற்றருக்கு 500 சதுர மீற்றர் உட்பரப்புக் கொண்டவை. எனவே 17 சதுர மீற்றருக்கு 34 இலீற்றர் உருளைகள் போதும். 100 இலீற்றர் இட்டால் மூன்று மடங்கு காப்புண்டு. குட்டி ஈன்று வாய்கள் பெருகினாலும் அஞ்ச வேண்டியதில்லை. பாத்திரத்தின் கொள்ளளவில் மூன்றில் இரு பங்கிற்கு மேல் உருளைகளை நிரப்பக் கூடாது. நிரப்பினால் புரளமாட்டா. 100 இலீற்றர் உருளைகளுக்கு 150 இலீற்றர் கொள்ளும் அறை வேண்டும். அவ்வறையின் வாயிலில், உருளையின் விட்டத்திலும் குறுகிய துளைகளையுடைய சல்லடை இன்றியமையாதது. சல்லடை இல்லாத அறையிலிருந்து உருளைகள் பம்பிக்குட் சென்று அடைப்பது உறுதி.

சொட்டு வடிகட்டி பழைய முறை. சுலோசிங்கின் குழாயே அதன் மூதாதை. துளைத்தட்டின்மேல் நீரைப் பரப்பிக் கீழே அடுக்கிய துண்டுகளின்மீது சொட்டவிட்டால், காற்று தாராளமாய்ச் சேரும். மின்சாரம் நின்றாலும் துண்டுகள் ஈரமாகவும் காற்றோட்டமாகவும் சில மணி நேரம் இருப்பதால், நுண்ணுயிர்கள் மூச்சடைத்துச் சாவதில்லை. நீர் சிதறும் ஓசையும், நீராவியாய்க் குறைவதும் இதன் குறைகள். இடமிருப்போர் புரளும் வடிகட்டியையும் சொட்டு வடிகட்டியையும் சேர்த்தே வைப்பது சாலச் சிறந்தது. ஒன்று ஓய்ந்தாலும் மற்றது காக்கும். தொட்டியின் அடித்தள மணலையே வடிகட்டியாக்கும் முறை மட்டும் திருக்கைக்கு அறவே ஆகாது. மணலைக் கிளறி அதனுட் புதைவது இம்மீனின் பிறவிக்குணம்; ஒரே இரவில் அவ்வடிகட்டியைத் தோண்டி வெளியே போட்டுவிடும்.

எந்த வடிகட்டியாயினும் அதற்கு முன்னே நீரிலுள்ள கசடு அகற்றப்பட வேண்டும். திருக்கை உண்பது நாகரிகமான காட்சியன்று. உணவை உடலாற் போர்த்து மூடி, மென்று, துணுக்குகளைப் பூப்பிளவுகளின் வழியே ஊதித் தள்ளும். அத்துணுக்குகளும் மலமும் உயிரியல் வடிகட்டிக்குட் புகுந்தால், அவற்றை உண்ணும் சாதாரணப் பற்றீரியாக்கள் விரைந்து பெருகி, மெதுவாக வளரும் நல்ல உயிர்களின் இடத்தையும் ஒட்சிசனையும் பறித்துக்கொள்ளும். ஆதலால் தொட்டியிலிருந்து வழியும் நீர் முதலிற் துணிப்பையிலோ பஞ்சுத்தட்டிலோ வடிந்து, அதன் பின்னரே உருளைகளின் அறையை அடைய வேண்டும். அப்பஞ்சை ஒன்றிரண்டு நாளுக்கொருமுறை கழுவுதல் அவசியம். வாரக்கணக்கில் விட்டுவைத்தாற் கசடு அங்கேயே அழுகி அமோனியாவாகிவிடும். உருளைகளைக் குழாய்நீரிற் கழுவுவதோ பெரும் பிழை. குழாய்நீரின் குளோரீன், அரிதில் வளர்ந்த உயிர்களைச் சில நிமிடங்களில் அழித்துவிடும்.

அமோனியாவின் ஒவ்வொரு கிராம் நைதரசனையும் எரிக்க நாலரைக் கிராமிற்கு மேல் ஒட்சிசன் செலவாகிறது. காற்றுப்பம்பி நன்றாக இயங்கும் வரை இதுபற்றிக் கவலையில்லை. கவலைக்குரியது அடுத்த செலவு. அதே ஒரு கிராமை எரிக்கையில், கல்சியங் காபனேற்றுக் கணக்கில் ஏழு கிராமிற்குச் சற்று மேற்பட்ட காரத்தன்மை அழிந்துபோகிறது. ஏனெனில், அமோனியா எரிந்து பிறப்பது ஓர் அமிலம். எடுத்துக்காட்டுத் தொட்டியில் நாளொன்றுக்கு 12 கிராம் காரத்தன்மை, அஃதாவது இலீற்றருக்கு 6 மில்லிகிராம், இவ்வாறு கரைந்துவிடும். அமேசன் மீன் என்பதால் மென்னீரே உகந்தது எனக் கருதி, இலீற்றருக்கு 40 மில்லிகிராம் காரத்தன்மை மட்டுமே உள்ள நீரை ஒருவன் நிரப்பினான் என வைத்துக்கொள்வோர், அவனது நிலையை எண்ணிப் பார்க்கட்டும். ஏழே நாளில் அம்முதல் முழுவதும் தீர்ந்துவிடும்.

தீர்ந்தபின் நிகழ்வதுதான் திருக்கை வளர்ப்போரைப் பெரிதும் ஏமாற்றுவது. நீரின் பீ.எச். பெறுமானம் 7இலிருந்து 6ஐ நோக்கி விழும். அந்நிலையில் வடிகட்டியின் உயிர்கள் தளர்ந்து வேலையைக் குறைத்துவிடும். அமோனியா சேரத் தொடங்கும். ஆனால் மீனோ ஒரு குறையும் காட்டாது நீந்தும். காரணம் இதுவே. நீரிலுள்ள அமோனியா இரு வடிவில் இருக்கிறது. நஞ்சாகிய சுயாதீன அமோனியா ஒன்று, பெருந்தீங்கற்ற அமோனியம் மற்றொன்று. 25 பாகை வெப்பநிலையில், பீ.எச். 6 ஆயின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பீ.எச். 8 ஆயின் நூற்றில் ஐந்து பங்கிற்கு மேல் நஞ்சாகிவிடும். வீட்டுக்காரன் ஒருநாள் சோதித்துப் பார்க்கிறான். இலீற்றருக்கு 5 மில்லிகிராம் அமோனியா! திடுக்குற்றுப் பாதித் தொட்டி நீரை வெளியேற்றிப் புதுநீர் ஊற்றுகிறான். அப்புதுநீர் காரத்தன்மை மிகுந்த கிணற்று நீராகவும் இருந்து, தொட்டியின் பீ.எச். 8க்கு ஏறிவிடுகிறது. அமோனியாவின் மொத்தம் பாதியாகக் குறைந்தது உண்மையே. ஆனால் அதன் நஞ்சுப்பங்கோ முன்பிருந்ததிலும் நாற்பது மடங்கிற்கு மேற் பெருகிவிட்டது. மாலைக்குள் திருக்கையின் உடற்றட்டின் ஓரம் மேல்நோக்கிச் சுருளத் தொடங்கும். அச்சுருளலைக் கண்டபின் மீண்ட மீன்கள் சிலவே. மீனுக்கு நன்மை செய்யப்போய் அதனைக் கொன்றவன், நோய் வந்து செத்தது என்றே அயலவருக்குச் சொல்லுவான். தானும் அப்படியே நம்புவான்.

இவ்விபத்தைத் தடுக்கும் வழிகள் மலிவானவை. வடிகட்டியின் ஓர் அறையில் நொறுக்கிய சிப்பியோட்டையோ சுண்ணாம்புக்கல்லையோ ஒரு பையிலிட்டு வைத்தால், நீர் அமிலமாகும்போது அது தானே கரைந்து ஈடுசெய்யும். விரைந்து வேண்டுமெனின் அடுக்களை அப்பச்சோடாவே போதும். எடுத்துக்காட்டுத் தொட்டியின் அன்றாட இழப்பை ஈடுசெய்ய 20 கிராம் அளவு. ஒரேயடியாக அள்ளிக் கொட்டாமல், நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாக வார்த்தல் வேண்டும். தொட்டியில் இப்போதே அமோனியா சேர்ந்திருக்குமாயின் அப்பச்சோடாவையும் தொடலாகாது. முதலில் உணவை நிறுத்தி, தொட்டியின் பீ.எச். பெறுமானத்தை ஒத்த நீரைக் கொண்டே மாற்றி, அமோனியாவைக் குறைத்தபின் காரத்தன்மையை உயர்த்துவதே முறை. அமோனியாவை மட்டும் அளந்து காரத்தன்மையை அளவாதவன், வருமானத்தைப் பார்த்துக் கடனைப் பாராத வணிகனை ஒப்பான்.

இனி அந்த இருபது நாட்கள். புதிய வடிகட்டி வெறும் பிளாஸ்டிக்கேயன்றி வேறல்ல. அதில் நுண்ணுயிர்ப்படலம் முற்றி வளர நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். இக்காலத்தில் மீனைத் தொட்டியிலிட்டு அதன் கழிவாலேயே வடிகட்டியை வளர்க்கும் பழைய வழக்கம் கொடுமையானது. திருக்கையைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் மரண தண்டனை. அமோனியங் குளோரைட்டு உப்பைச் சிறிதளவு தினமும் இட்டு, மீனில்லாத் தொட்டியிலேயே வடிகட்டியை வளர்த்தல் வேண்டும். முதலில் அமோனியா ஏறி இறங்கும். அதன்பின் நைத்திரைற்று ஏறும். இரண்டாவது ஏற்றமே நெடுநேரம் நிற்பது. பொறுமையிழந்தோர் பலர் அமோனியா மறைந்ததைக் கண்டு அன்றே மீனை விட்டுவிடுகின்றனர். நைத்திரைற்று இரத்தத்திற் புகுந்து, ஒட்சிசனைச் சுமக்கும் செந்நிறப் பொருளைக் கபில நிறமாக்கி உதவாததாக்கிவிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. இட்ட அமோனியா முழுவதும் ஒரே நாளுக்குள் நைத்திரேற்றாய்விடுகிறது என்பது சோதனையிற் தெரிந்தபிறகே தொட்டி திருக்கைக்கு ஆயத்தமாகும்.

போத்தல்களில் அடைத்து விற்கப்படும் பற்றீரியாவை நம்பலாமா என்று கேட்பாருண்டு. சில பயன்தரும், வெப்பத்திலும் வெயிலிலும் மாதக்கணக்கிற் கிடந்த போத்தலிலோ பெரும்பாலும் பிணங்களே இருக்கும். நோயற்ற பழைய தொட்டியொன்றின் வடிகட்டியிலிருந்து ஒரு சட்டியளவு உருளைகளை ஈரமாகவே கொண்டுவந்து சேர்ப்பது இதனிலும் மேலானது. தயிருக்கு உறைமோர் இடுவது போன்றது அது.

வடிகட்டி எவ்வளவு சிறப்பாக வேலை செய்தாலும் நைத்திரேற்று தொட்டியிலேயே தங்கிவிடும். எடுத்துக்காட்டுத் தொட்டியில் வாரந்தோறும் இலீற்றருக்கு 26 மில்லிகிராம் நைத்திரேற்று கூடும். வாரமொருமுறை பாதி நீரை மாற்றினால், மாற்றுமுன் 52, மாற்றியபின் 26 என்ற அளவில் அது நிலைகொள்ளும். இதனிலுங் குறைக்க விரும்புவோர் நாள்தோறும் சிறிது நீரை வழியவிட்டுப் புதுநீரைச் சேர்க்கின்றனர். உள்ளதுள் இதுவே திருக்கைக்கு மிக இதமான முறை, ஆற்றுக்கு அண்மையது. குழாய்நீரானால் குளோரீனை நீக்கிய பின்னரே சேர்த்தல் வேண்டும். தொட்டிக்குட் கைவைப்பவன் முள்ளையும் மறக்கலாகாது. அமைதியாய்க் கிடக்கும் மீனை அமுக்கினால், எவ்வளவு பழகியதாயினும் அதன் வால் சுழன்றடிக்கும்.

எஞ்சியிருப்பது மின்சாரம். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட இலங்கை நேயருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பம்பி நின்றதும் தொட்டியிலிருந்து குழாய்வழியே இறங்கும் நீர் முழுவதையும் தாங்கும் வெற்றிடம் கீழ்த்தொட்டியில் இருக்க வேண்டும். இல்லையேல் வீடு நனையும். அடுத்து, மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பிகள் இரண்டு வேண்டும். ஒன்று மீனுக்கு, மற்றொன்று உருளைகளுக்கு. மீனுக்கு வைத்தவன்கூட உருளைகளை மறந்துவிடுவதுண்டு. மின்சாரம் மீளும் வரை மீனுக்கு உணவிடலாகாது. ஒருநாட் பட்டினியால் வளர்ந்த திருக்கை சாகாது.

மூடிய பேழைபோன்ற வடிகட்டிகளை வைத்திருப்போர் இன்னொரு காரியஞ் செய்ய வேண்டும். சில மணி நேரம் நின்றிருந்த பேழைக்குள் ஒட்சிசன் தீர்ந்து, உள்ளேயுள்ள கசடும் உயிர்களும் அழுகத் தொடங்கியிருக்கும். மின்சாரம் வந்தவுடன் பம்பி தானே இயங்கி அந்த நாற்றநீரைத் திருக்கையின்மீது பாய்ச்சிவிடும். ஆகவே, மின்சாரம் நின்றபோதே ஆளியை மூடிவிட்டு, மீண்டபின் பேழையைக் கழற்றி, உள்ளிருக்கும் நீரை வாளியில் ஊற்றித் தோட்டத்து வாழைக்குப் பாய்ச்சிவிட்டு, துண்டுகளைத் தொட்டி நீரிலேயே அலசி, அதன்பின் இயக்க வேண்டும். அன்றிரவும் மறுநாட் காலையும் அமோனியாவை அளந்து பார்த்து, இரண்டு முறையும் இல்லையெனக் கண்டபின்னரே உணவைத் தொடங்கலாம். அதுவும் வழக்கத்திற் பாதியளவாக.